சொந்த ஊரைத் தேடி: பெங்களூர்த் தமிழருக்கான வம்சாவளி டிஎன்ஏ பரிசோதனை வழிகாட்டி

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது தம்பி?" பெங்களூர் என்று சொன்னால் விடமாட்டார்கள். "அது சரி, அதுக்கு முன்னாடி?" கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். "அதுக்கும் முன்னாடி?" அங்கே என் பேச்சு நின்றுவிடும். அப்பாவைக் கேட்டால் "ஆற்காடு பக்கம்" என்பார். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் ஊர் இருக்கிறது!

பெங்களூரில் என்னைப் போன்றவர்கள் நிறைய. 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் பட்டாளத்தையும் அதைச் சுற்றிய வேலைகளையும் நம்பி வந்த குடும்பங்கள், பட்டாளத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர வந்தவர்கள், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் இறங்கியபின் சுரங்கத்துக்குப் போனவர்கள், 2001இல் சுரங்கத்தை மூடியதும் அங்கிருந்து இங்கே வந்தவர்கள். மூன்று நான்கு தலைமுறை போனதும் ஊர்ப் பெயரை நினைவில் வைத்திருக்க ஆள் இல்லாமல் போகிறது.

இன்று எனக்கு அந்த ஊரின் பெயர் தெரியும். டிஎன்ஏ பரிசோதனை உதவியது. ஆனால் அது மட்டும் உதவவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பரிசோதனைக்கூடம் கொடுப்பது பாதிதான். மறுபாதி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊர் வந்து சேராது.

முதல் படி: என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"என் வேர் தெரிய வேண்டும்" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு பணம் கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். அப்பா வழித் தாத்தாவின் ஊர் எது? அம்மாவுடைய பாட்டி தத்துப் பிள்ளை என்கிறார்களே, அவரைப் பெற்றவர்கள் யார்? மலாயாவுக்கோ சிலோனுக்கோ போன பெரியப்பா வம்சம் இப்போது எங்கே இருக்கிறது? பல்லாயிரம் வருடங்களுக்கு முன் நம் முன்னோர் எந்த வழியாக வந்தார்கள்? இவை நாலும் வேறு வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வேறு பரிசோதனை, வேறு ஆள், வேறு அளவு பொறுமை வேண்டும்.

இரண்டாவது படி: கிட் (மாதிரி எடுத்து அனுப்பும் பெட்டி) வாங்கும் முன் பெரியவர்களிடம் உட்காருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். டிஎன்ஏ பத்து வருடம் கழித்தும் எடுக்கலாம், பேரன் பேத்தி உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். பாட்டியின் நினைவு அப்படி இல்லை.

என் தாத்தாவின் தங்கை, எனக்கு அத்தைப் பாட்டி, தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் பிறந்தவர். இப்போது பெங்களூர் மர்ஃபி டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். நேராகப் போய் "நம்ம சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "தெரியல கண்ணு" என்று முடித்துவிட்டார். அப்புறம்தான் புரிந்தது, கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். முதல் மொட்டை எங்கே போட்டார்கள்? பொங்கல் வைக்க எந்தக் கோயிலுக்குப் போவார்கள்? எந்த ஸ்டேஷனில் இறங்கி எவ்வளவு தூரம் நடப்பார்கள்? பெண் எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே? சாவுக்குத் தந்தி எங்கிருந்து வரும்?

இப்படிக் கேட்டபோது கதவு திறந்தது. "எங்க ஆயா சொல்லும், அவங்க ஊர்ப் பக்கம் அம்மனோட தலையை மட்டும் தூக்கிட்டு வர்ற திருவிழா ஒண்ணு நடக்கும்னு." இன்னொரு நாள், ஏதோ பேச்சுவாக்கில், "எங்க நைனாவோட சித்தப்பா ஒருத்தர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவரு, திரும்பி வரவே இல்ல." இரண்டையும் ஃபோனில் பதிவு செய்திருந்தேன். இரண்டின் மதிப்பும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பேசும்போது பதிவு செய்யுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வயதானவர்களைச் சோர்வடைய வைக்க வேண்டாம். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்தால் பத்துக் கேள்விக்குச் சமம்.

அடுத்து காகிதங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், சுரங்கம் அல்லது ரயில்வே வேலைப் புத்தகம், பி.எஃப். சீட்டு, பட்டாளத்து ஓய்வூதியப் புத்தகம், கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, ஊரில் கையளவு நிலம் இருந்திருந்தால் மூலப் பத்திரம். இவற்றில் அப்பா பெயர் கட்டாயம் இருக்கும், ஊர்ப் பெயரும் பல சமயம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெள்ளைக்காரர்கள் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஐந்து தலைமுறை பின்னால் போய்விடுகிறார்கள். நம் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை கடைசிப் பெயர் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், அப்பா பெயர், குலதெய்வம், பெண் எடுத்த ஊர் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதிவையுங்கள். நம் மரபில் குடும்பப் பெயர் செய்யும் வேலையை இந்த நான்கும் சேர்ந்துதான் செய்யும்.

மூன்றாவது படி: எந்தப் பரிசோதனை

மூன்று வகை உண்டு. தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் நம் உறவுமுறையிலேயே இந்தப் பிரிவுகள் இருக்கின்றன.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பங்காளி வழி என்று சொல்கிறோமே, குலதெய்வம் எந்த வழியில் வருகிறதோ, அதே வழி. அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று ஒற்றைக் கோடாகப் பின்னால் போகும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் இரண்டு பங்காளி வீட்டு ஆண்கள் எடுத்துப் பார்த்தால், கதை சரியாக இருந்தால், இரண்டும் பொருந்த வேண்டும். பெண்களுக்கு ஒய் இல்லை என்பதால் அப்பாவோ சகோதரனோ பெரியப்பா மகனோ கொடுக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் வரும், ஆனால் மகள் வழியாக மட்டும் தொடரும். அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று போகும் கோடு. மொத்தம் 16,569 எழுத்துகள்தான். மிக மெதுவாக மாறும் என்பதால் ஆதிகால இடப்பெயர்வைப் படிக்க நல்லது, கொள்ளுப்பாட்டியின் ஊரைக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்டப் பயன்படாது.

ஆட்டோசோம் பரிசோதனை மீதி 22 ஜோடி குரோமோசோம்களைப் பார்ப்பது. அப்பா பக்கம், அம்மா பக்கம் எல்லாமே இதில் கலந்து வரும். கடைகளில் விற்கும் கிட் பெரும்பாலும் இதுதான். முழு மரபணுவையும் படிக்காமல், ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களில் ஆறேழு லட்சத்தை மட்டும் தொட்டுப் பார்க்கும். சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க இதுவே வழி. ஆனால் எல்லை உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை பாதி பாதியாகக் குறையும். மூன்றாம் தலைமுறைப் பங்காளிகளில், அதாவது கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்தவர்களில், பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவான டிஎன்ஏ துண்டே இருக்காது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் பாதிப் பேருக்கு இருக்காது. சொந்தம் உண்மை, டிஎன்ஏவில் மட்டும் தெரியாது.

முதன்முதலில் எடுப்பவர்கள் ஆட்டோசோமில் தொடங்குங்கள். ஒய் பரிசோதனையைப் பின்னால், ஒப்பிடுவதற்கு இன்னொரு பங்காளி கிடைத்தபின் எடுத்தால் போதும்.

நான்காவது படி: யாருடைய எச்சில்

உங்களுடையது கடைசி. வீட்டில் இருக்கும் மூத்த தலைமுறைதான் முதலில். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் என் மாதிரியை அனுப்பி, ஆறு மாதம் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அத்தைப் பாட்டியின் மாதிரி போனது. எனக்குக் காட்டாத ஒரு சொந்தக்காரரை அவருக்குக் காட்டியது. அந்தச் சொந்தக்காரரோடு பொருந்திய, பாட்டியிடம் இருந்த டிஎன்ஏ துண்டு அவருடைய அண்ணனான என் தாத்தாவுக்கு வராமல் இருந்திருக்கலாம், வந்தும் என் அப்பாவிடம் நின்றிருக்கலாம். எப்படியானாலும் என்னிடம் வந்து சேரவில்லை. இரண்டு கிட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அப்பா வழியில் ஒரு மூத்தவர், அம்மா வழியில் ஒரு மூத்தவர்.

கேட்டு, புரியவைத்து, சம்மதம் வாங்கியபிறகே எடுக்க வேண்டும். "உமிழ்நீர் டெஸ்ட்டு, சுகருக்கு" என்று பொய் சொல்லி எடுப்பது துரோகம். என்னென்ன வெளிவரலாம் என்பதையும் முன்பே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களானபின் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் எச்சிலில் மஜ்ஜை கொடுத்தவரின் டிஎன்ஏவும் கலந்திருக்கும். அவருக்குப் பதிலாக உடன்பிறந்தவரைப் பாருங்கள்.

ஐந்தாவது படி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

உலக அளவில் பெரிய பெயர்கள் ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ, மைஹெரிட்டேஜ், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ. இந்தியாவில் ஹைதராபாத்தின் மேப்மைஜீனோம், சென்னையின் எக்ஸ்கோட் லைஃப் போன்றவை இருக்கின்றன. சொந்தக்காரர்களைத் தேடுவதுதான் நோக்கமென்றால், எந்த நிறுவனத்தில் அதிகப் பேர் பதிந்திருக்கிறார்களோ அங்கேதான் வாய்ப்பு அதிகம். அதில் தமிழர்கள் யாரென்று பார்த்தால் தென்னாப்பிரிக்கா, மலேசியா, மொரீஷியஸ், அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் இருப்பவர்களே மிகுதி. உங்கள் பக்கத்து வீட்டுப் பங்காளி அந்தப் பட்டியலில் இருப்பது அபூர்வம், கப்பலேறிப் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் இருப்பார்கள்.

நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இரண்டைத் தேடிப் பாருங்கள்: இந்திய முகவரிக்குக் கிட் அனுப்புவார்களா, இந்தியாவிலிருந்து திரும்பி வரும் மாதிரியை ஏற்றுக்கொள்வார்களா. இரண்டாவதைப் பார்க்காமல் கிட் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. மூலத் தரவுக் கோப்பை, அதாவது உங்கள் டிஎன்ஏவில் படித்த எழுத்துகள் அடங்கிய கோப்பை, தரவிறக்க விடுவார்களா என்பதையும் பாருங்கள். விடாத நிறுவனத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால்தான் வேறு தளங்களிலும் ஏற்றித் தேட முடியும். அவசரமில்லை என்றால், டிஎன்ஏ தினமான ஏப்ரல் 25ஐ ஒட்டியும் நவம்பர் கடைசியிலும் தள்ளுபடி வருவது வழக்கம்.

அந்தரங்கம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023இல் 23அண்ட்மீ கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் வெளியேறியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது, அதன்பின் கைமாறியது. நீங்கள் நம்பிக் கொடுத்த நிறுவனமே நாளை வேறொருவர் கைக்குப் போகலாம். கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அது உங்கள் ஒருவருடையதும் இல்லை, உங்கள் தங்கையுடையதும் அதில் பாதி. அதனால் தனிக் கடவுச்சொல், இரண்டடுக்குப் பாதுகாப்பு, முழுப் பெயருக்குப் பதில் இனிஷியல், ஆராய்ச்சிக்குப் பகிரும் கட்டத்தில் யோசித்து டிக், முடிவு வந்தபின் மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதி இருந்தால் அழிக்கச் சொல்வது, இத்தனையும் செய்யுங்கள். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியோடு மல்லுக்கட்டும் நிலைமையை வரவழைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

ஆறாவது படி: மாதிரி எடுப்பது

அரை மணி நேரம் முன்பிருந்தே ஒன்றும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பல் துலக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. காலை எழுந்து காபிக்கு முன் எடுத்துவிடுவது நம் வீடுகளுக்குச் சரிப்பட்டு வரும். வெற்றிலை போடும் பாட்டிகளென்றால் முந்தின இரவே நன்றாக வாய் கொப்பளிக்கச் சொல்லி, காலையில் எடுத்து முடிக்கும்வரை வெற்றிலைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சில் குப்பி என்றால் கோடு வரை நிரம்ப வேண்டும், நுரை கணக்கில்லை. வயதானவர்களுக்கு வாய் வறண்டிருக்கும். கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிட்டால் ஊறும், எலுமிச்சையை நினைத்துக்கொள்ளச் சொன்னாலும் ஊறும். பஞ்சுக்குச்சி வகை என்றால் கன்னத்தின் உட்புறம் அழுத்தி, கையேட்டில் சொன்ன நேரம் முழுக்கச் சுழற்றித் தேய்க்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதுவே சௌகரியம். மூடியிலிருக்கும் திரவம் கலந்ததும் குலுக்குங்கள். குப்பியின் எண்ணை அனுப்பும் முன்பே இணையத்தில் பதிந்து, போட்டோவும் எடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் கொடுத்தால் ஒருவருடையதை முழுவதும் முடித்து ஒட்டிவிட்டு அடுத்தவருடையதைத் தொடங்குங்கள்.

அத்தைப் பாட்டியின் முதல் மாதிரி வழியில் எங்கேயோ ஆறு வாரம் கிடந்தது. கடைசியில் டிஎன்ஏ போதவில்லை என்று செய்தி வந்தது. 87 வயதுக்காரரிடம் மறுபடி போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரோ, "அதுக்கென்ன, இன்னொரு தடவை குடுத்தா போச்சு" என்றார். எனவே முதல் தடவையே பலிக்கும் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள்.

ஏழாவது படி: சதவீதங்களைப் படிப்பது

முடிவு வந்ததும் முதலில் கண்ணில் படுவது வண்ண வரைபடம். தென்னிந்தியா, இலங்கை என்று பெரிய வட்டமாக இருக்கும், ஓரத்தில் வேறு ஏதோ இரண்டு சதவீதம். இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்கள் அநேகம் பேர்.

காரணம் இதுதான். உங்கள் டிஎன்ஏவை அவர்களிடம் உள்ள மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் போடுகிறார்கள். அயர்லாந்துக்கு மாவட்ட வாரியாக மாதிரிகள் சேர்ந்திருக்கின்றன, நமக்கு இல்லை. உலக ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஆயிரம் மரபணுத் தொகுப்புத் திட்டத்தில் தமிழர் சார்பாக இருப்பது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் மாதிரிகள்தான். குடியாத்தத்துக்கும் திருநெல்வேலிக்கும் வித்தியாசம் காட்ட அதற்கு எப்படி முடியும்? தொகுப்பு பெருகப் பெருகச் சதவீதமும் மாறும். போன வருடம் இருந்த இரண்டு சதவீதம் இந்த வருடம் காணாமல் போனால் உங்கள் முன்னோர் மாறிவிடவில்லை. இங்கே ஐஐஎஸ்சி வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் முழு மரபணுவைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் ஊரில் நடந்த வேலை என்பதில் எனக்கு உள்ளபடியே பெருமை.

பல நிறுவனங்களின் கோப்புகளையும் ஏற்றி ஒப்பிட விடும் ஜெட்மேட்ச் தளத்தில் மூலக் கோப்பை ஏற்றினால், வம்சாவளிச் சதவீதம் போடும் ஹரப்பாவேர்ல்டு என்ற கணிப்பான் கிடைக்கும். அதில் "பலோச்" என்று 35 சதவீதம் வந்தால் பலுசிஸ்தானத்திலிருந்து தாத்தா வந்தார் என்று பொருள் இல்லை. புள்ளியியல் கணக்கில் பிரிந்த ஒரு கூறுக்கு, அது எங்கே அதிகமோ அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியர் எல்லோருக்கும் அது கணிசமாக வரும்.

பழங்காலம் பற்றி உறுதியாகத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் ஹைதராபாத்திலுள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து, இன்றைய இந்தியர் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள்திரளின் கலப்பு என்று காட்டினார்கள். அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்தது என்று 2013இல் கணித்தார்கள். அதன்பின்தான் சாதிக்குள் மட்டும் மணம் என்ற வேலி இறுகியது. ஆக, கலக்காத தூய இரத்தம் என்று யாரிடமும் இல்லை. டிஎன்ஏ பரிசோதனை சாதியைச் சொல்லாது, சொல்வதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஒய் வழியில் வரும் எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 என்ற குழுக்கள் எந்த ஒரு சாதிக்கும் சொந்தமில்லை, பல சாதிகளிலும் கலந்து கிடக்கின்றன. அம்மா வழியில் இந்தியரில் பாதிக்கு மேல் எம் என்ற பெருங்குழுவைச் சேர்ந்தவர்கள்.

எட்டாவது படி: மேட்ச் பட்டியல், நம் கல்யாண வழக்கம்

உண்மையான வேலை இங்கேதான். மேட்ச் என்றால் உங்கள் டிஎன்ஏவோடு பொருந்துகிற ஆள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே, எவ்வளவு டிஎன்ஏ பொதுவாக இருக்கிறது என்று காட்டும் சென்டிமார்கன் என்ற அளவு இருக்கும். பெற்றோர் பிள்ளைக்கு இடையே சுமார் 3,400, கூடப் பிறந்தவர்களுக்கு 2,600, மாமா அத்தை சித்தப்பாவுக்கு 1,750, பெரியப்பா பிள்ளைகளுக்கோ அத்தை பிள்ளைகளுக்கோ 870, அதற்கு அடுத்த தலைமுறைக்கு 230, அதற்கும் அடுத்ததற்கு 70 என்று சராசரி.

இந்த அட்டவணை வெள்ளைக்காரர் கல்யாணத்தை வைத்துப் போட்டது. நம் வீட்டில் மாமன் மகளைக் கட்டுகிறோம், அக்கா மகளைக் கட்டுகிறோம். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் பிறந்த பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். இதே தலைமுறை தலைமுறையாக நடந்தால் ஒரே துண்டு நாலு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தம் போல எண் காட்டும். சாதிக்குள்ளேயே மணம் செய்து வந்ததால், சொந்தமே இல்லாத ஒருவரோடும் பொடிப்பொடியாகப் பல துண்டுகள் பொருந்தும். 2017இல் வந்த ஓர் ஆய்வு, பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் ஒரு சிறு மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்றும், அந்த இறுக்கம் ஃபின்லாந்துக்காரர்களைவிட அதிகம் என்றும் காட்டியது.

அதனால் மொத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். மொத்தம் 90, ஆனால் பெரிய துண்டு 9 என்றால் நான் விட்டுவிடுவேன். மொத்தம் 60, பெரிய துண்டு 25 என்றால் அன்றைக்கே கடிதம் எழுதுவேன். அப்பா வழி, அம்மா வழியில் ஆளுக்கொரு பெரியவர் எடுத்திருந்தால், மேட்ச் எந்தப் பக்கத்தவர் என்று பிரிக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த வீட்டில் இரண்டு பக்கமும் வரலாம், பதறாதீர்கள். பெற்றோர் இருவரும் உறவினரா என்று கணக்குப் போடும் கருவி ஜெட்மேட்சில் இருக்கிறது. நம் குடும்ப வழக்கம் எண்ணாக அதில் தெரியும்.

அத்தைப் பாட்டியின் பட்டியலில் மேலே வந்து நின்றவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் ஒரு பெண்மணி. மொத்தம் 84, பெரிய துண்டு 31. டர்பன் என்று படித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று தட்டியது. ஃபோனை எடுத்துப் பழைய பதிவைத் தேடிக் கேட்டேன். "கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவரு."

ஒன்பதாவது படி: எழுதுவது, ஆவணத்தோடு பொருத்துவது

முதல் கடிதம் சின்னதாக இருக்கட்டும். நீங்கள் யார், எந்த மாதிரியோடு பொருந்துகிறது, எவ்வளவு பொருந்துகிறது, உங்களுக்குத் தெரிந்த இரண்டு ஊர்ப் பெயர்கள், ஒரே ஒரு கேள்வி. குடும்ப மரம் முழுவதையும் கொட்டாதீர்கள். பதில் வர மாதக்கணக்காகலாம். எனக்கு ஏழு வாரமானது.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று குமாஸ்தாக்கள் எழுதிவைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கிடைக்கின்றன. மொரீஷியஸ் போனவர்களுக்கு மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிலையம். அடிமைத்தனம் போன்ற ஓர் ஏற்பாட்டுக்காக எழுதிய பேரேடு அது. கப்பலேறியவரின் ஊர் அதில் இருக்கிறது, சுரங்கத்துக்கு நடந்து போனவரின் ஊரைத்தான் யாரும் எழுதவில்லை. எழுத்துக்கூட்டல் அவரவர் காதில் விழுந்தபடி இருக்கும். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

அந்த அம்மா தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவை அனுப்பினார். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம், அதற்குக் கீழே ஒரு கிராமம். அப்பா பெயர், அத்தைப் பாட்டி சொன்ன பூட்டனின் பெயர்தான், இரண்டு எழுத்து மாறியிருந்தது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கிறது. "அம்மனோட தலையை மட்டும் தூக்கிட்டு வர்ற திருவிழா."

டிஎன்ஏ மட்டும் இருந்திருந்தால் 84 என்ற ஓர் எண் மட்டும் கையில் இருந்திருக்கும். பாட்டியின் பேச்சு மட்டும் இருந்திருந்தால் எந்தக் கப்பல், எந்தக் கரும்புத் தோட்டம் என்று தெரிந்திருக்காது.

எதிர்பாராதவை

ஒரு சித்தப்பா பாதிச் சித்தப்பாவாகத் தெரியலாம். தத்து எடுத்தது, முதல் கல்யாணம், வெளியே சொல்லாத பிள்ளை, எல்லாம் எந்தக் குடும்பத்திலும் இருக்கும். அப்படி ஒன்று தெரிந்தால் அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதலில் எண்ணைச் சரிபாருங்கள், பிறகு அது யாரைப் பற்றியதோ அவர் உயிரோடிருந்தால் அவரிடம் தனியாக, அவருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேளுங்கள். தெரிய வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

மூலக் கோப்பை நோய் சொல்லும் தளங்களில் ஏற்றிப் பயந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய மூலத் தரவில் கண்ட ஆபத்தான மாற்றங்களை மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் சரிபார்த்தபோது 40 சதவீதம் தவறாக இருந்ததாக 2018இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கவலைப்படும்படி ஏதாவது வந்தால் எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள மனித மரபியல் மையம் போன்ற இடத்தில் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அறிக்கையைப் படித்து மாத்திரையை நிறுத்துவதோ தொடங்குவதோ வேண்டாம்.

ஜெட்மேட்சில் ஏற்றும்போது காவல்துறைத் தேடலுக்கு அனுமதி உண்டா என்று கேட்கும். அமெரிக்காவில் 2018இல் ஒரு பழைய கொலைகாரனைப் பிடிக்க இந்தத் தளமும் உதவியது. அனுமதிப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

போன வைகாசியில் அத்தைப் பாட்டியைக் காரில் குடியாத்தம் கூட்டிப் போனோம். கூட்டத்தில் இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தூரத்தில் சிரசு நகர்வதைப் பார்த்தார். டர்பன் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினோம். அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் கைகூப்பியபடியே இருந்தார்கள். இப்போது அந்த அம்மாவின் அண்ணனும் நானும் ஒய் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மகன் வழிப் பேரன் பிள்ளை, நான் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வழி. முடிவு இன்னும் வரவில்லை.